துருப்பும் துணையும்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்போர் நம்முள் பலர். அச்சுளிப்பில் நியாயமும் உண்டு. இசுலாமிய மார்க்கம் சூதினை முற்றாக விலக்கியது. வள்ளுவப் பெருந்தகையும் சூதுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பணம் வைத்தாடும் ஆட்டத்திற்குப் பரிந்து ஒரு கல்லூரி மலரில் எழுத நாம் துணியோம். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது காசு புழங்காத, புளியங்கொட்டை மட்டுமே புழங்கிய ஒரு திண்ணை ஆட்டம். காசில்லா ஆட்டத்தையும் ஏற்காத பெரியோர் உளர். அவர்தம் கருத்தை மதிக்கிறோம். ஆயினும் இளமையில் ஆடியதை ஒளிப்பதற்கில்லை.

அவ்வாட்டம் நம்முள் எழுப்பிய வினா ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளாக நம்மை விடவில்லை. இருவர் ஒரு கட்சியாய்க் கூடி ஆடும் ஆட்டத்தில், பழகிய முறையை விட்டுப் புதிய முறையொன்றைக் கையாளத் தக்க பொழுது எது? தனியொருவன் ஆடும் ஆட்டமாயின் இவ்வினாவுக்கு மதிப்பில்லை. தோன்றியபொழுது மாற்றலாம், தோற்றால் தன்னையே நொந்துகொள்ளலாம். எதிரே ஒரு துணை அமர்ந்திருக்கும்பொழுதுதான் இது வினாவாகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையை ஒட்டி அமைந்தது மாகறல். ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற திருமாகறலீசுவரர் திருக்கோயில் அவ்வூர்க்குப் பெருமை. பட்டுத்தறி அவ்வூர்க்குச் சோறு. நம் அத்தா நெசவாளர் வீடுகளுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொண்டுசேர்க்கும் தொழிலில் இருந்தார். அவர்தம் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற சிறுவனாகத்தான் மாகறல் நமக்கு முதலில் அறிமுகம். அமாவாசையன்று தறி ஓடாது. அன்று பிற்பகல் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் கோரைப்பாய் விரிப்பார்கள். முந்நூற்று நான்கு என்னும் ஆட்டம் தொடங்கும்.

அறியாதார்க்கு அவ்வாட்டத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். தமிழகத்திலும் கன்னடக் கடற்கரையிலும் ஆடப்படுவது. ஈழத்தில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், ஏறத்தாழ நாட்டு விளையாட்டு என்றே சொல்லத்தக்கது. கட்டிலுள்ள 52 சீட்டில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கி, எஞ்சிய 32 சீட்டால் ஆடுவர். நால்வர் ஆடுவர், எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. இவ்வாட்டத்தில் ராஜாவுக்கு மதிப்பில்லை, ஜாக்கியே பெரியவன். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்திற்கு 76 புள்ளி. நான்கு இனத்திற்கும் கூட்டினால் 304. பெயர்க்காரணம் அதுவே. கேரளத்தார் ஆடும் இருபத்தெட்டும் இதன் உடன்பிறப்பு. அங்கும் ஜாக்கியும் ஒன்பதுமே தலைவர்கள். (ராஜாவைக் கீழிறக்கி வேலைக்காரனை மேலேற்றிய இவ்வாட்டத்தைச் சமத்துவ ஆட்டம் என்று நம் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.)

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டே போடுவர். அந்நான்கைக் கண்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும். கேள்வி 160-இல் தொடங்கும். தன் கூட்டாளியின் கேள்விக்கு மேலே தானே கேட்பதாயின் 200-க்குக் குறையாமல் கேட்க வேண்டும். கேள்வி பெற்றவர் துருப்பினைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மற்ற நான்கு சீட்டும் கைக்கு வரும். பேச்சுக்கு இடமில்லை. கூட்டாளியின் கையில் என்ன உண்டு என்பதை அவர் கேட்கும் எண்ணைக்கொண்டே உய்த்துணர வேண்டும். ஆகவே கேள்வி என்பது வெறும் எண்ணன்று. அது ஒரு மொழி. ஒவ்வொரு திண்ணைக்கும் அம்மொழியில் ஒரு வழக்கு உண்டு. நம் திண்ணையில் முதற்கேள்வியாக 180 கேட்டால் 'என் கையில் ஜாக்கி இருக்கிறது' என்பது பொருள். அவ்வாறு யாரும் எழுதி வைக்கவில்லை. இலக்கணத்திற்கு முன் வழக்குத் தோன்றுவது மொழிக்கு மட்டும் உரியதன்று போலும்.

நம் கூட்டாளி அத்திண்ணைக்குரிய பெரியவரே. அறுபதைக் கடந்தவர், நாற்பதாண்டு தறிக்குழியில் கால் வைத்தவர். நாம் அவரைப் பெரியப்பா என்று அழைப்போம். அவர் நம்மைத் தம்பி என்பார். 1999-ஆம் ஆண்டில் நாம் கல்லூரி விடுதியில் சேர்ந்தோம். அங்கே கேரள நண்பர் ஒருவர் ஒரு புதிய உத்தியைக் கற்பித்தார். கையில் ஜாக்கி இல்லாதபோதும் இருப்பதுபோல் உயர்த்திக் கேட்டு, எதிர்க்கட்சியினரை அவர்தம் அளவுக்குமேல் ஏறச் செய்து வீழ்த்துவது அவ்வுத்தி. விடுதி அறையில் அது நன்றாகவே பலித்தது. அடுத்த அமாவாசைக்கு அதனை மடியில் கட்டிக்கொண்டு மாகறலுக்குச் சென்றோம்.

அன்று முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நான்காம் ஆட்டத்தில் நம் கைக்கு வந்தவை இஸ்பேட்டில் ஒன்பதும் ராஜாவும் ஏழும், கிளாவரில் எட்டும். ஜாக்கி இல்லை. 'இதுவே தருணம்' என்றெண்ணி 180 என்றோம். எதிர்க்கட்சிக்காரர் ஏறவில்லை, ஒதுங்கிக்கொண்டார். பெரியவர் தம் கையைப் பார்த்தார். கிளாவரில் ஆசும் பத்தும் ராணியும் அவரிடம் இருந்தன. தம்பி 180 கேட்டான், ஆகவே ஜாக்கி ஒன்று தம்பியிடம் உண்டு என்று கணக்கிட்டார். தயக்கமின்றி 200 என்றார். கிளாவரைத் துருப்பாகக் கவிழ்த்தார். கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும் அவருக்கு வலப்புறம் அமர்ந்தவர் கையில் இருந்தன. மற்றதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எட்டுப் பிடியில் ஐந்து எதிர்க்கட்சிக்குப் போயின.

ஆட்டம் முடிந்தபின் பெரியவர் நம் கைச்சீட்டை வாங்கிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நீ பொய் சொன்னா அவங்க ஏமாறட்டும். நான் ஏன் ஏமாறணும்?" என்றார்.

அன்று போன மூன்று புளியங்கொட்டை பெரிதன்று. பெரிது எதுவெனில், அதன்பின் அவர் நம் 180-ஐ 180-ஆகக் கொள்ளவில்லை. அடுத்தடுத்த அமாவாசைகளில் கையில் ஜாக்கியை வைத்துக்கொண்டே நாம் கேட்டோம், அவர் ஏறவில்லை. வென்றிருக்க வேண்டிய ஆட்டங்கள் பல கைநழுவின. புதிய முறையால் நாம் இழந்தது ஓர் ஆட்டமன்று. பழைய முறையையே இழந்தோம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்று கேட்பவர் ஒருமுறை அறிந்துவிட்டால், அச்சொல்லால் ஒரு பொருளையும் உறுதியாக உணர்த்த முடியாது. இதனைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. புதிய உத்தியின் விலையைக் கணக்கிடுவோர் அந்த ஓர் ஆட்டத்தின் தோல்வியை மட்டுமே கணக்கிடுகின்றனர்.

நாம் செய்த பிழைகளுள் முதலாவது, தோல்வியைக் கண்டு மாற்றியது. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் முறை தவறு என்று மனம் சொல்லிவிட்டது. உண்மையில் மூன்று ஆட்டம் எதனையும் மெய்ப்பிப்பதில்லை. 32 சீட்டில் ஜாக்கி நான்கே. முதலில் வரும் நான்கு சீட்டில் ஒரு ஜாக்கியும் இல்லாமற் போவது 100 முறைக்கு ஏறத்தாழ 57 முறை நேரும். தொடர்ந்து மூன்று முறை அவ்வாறு வெறுங்கையாய் அமர்வது, ஐந்துக்கு ஒருமுறை என்னும் அளவில் நேரக்கூடிய எளிய நிகழ்ச்சி. சீட்டு வாராமையைச் சீட்டாடும் முறையின் குற்றமாக எண்ணி மருளுதல் மனித இயல்பு. தோற்ற ஆட்டத்தை விரித்துப் போட்டு, 'இதே சீட்டை வேறுவகையாக ஆடியிருப்பின் வென்றிருப்போமா?' என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். அன்றைய முதல் மூன்று ஆட்டங்களையும் பின்னர் நினைவிற் கொணர்ந்து பார்த்தோம். எம்முறையில் ஆடினும் அவை தோல்விக்குரிய கைகளே. பழைய முறையின்மீது குற்றமே இல்லை.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வென்றுகொண்டே இருக்கும்பொழுதும் முறையில் குறை இருக்கலாம். நம் திண்ணை வழக்கப்படி 160-க்குக் கேட்டு வென்றால் ஒரு கொட்டை வரும், தோற்றால் இரண்டு போகும். 200-க்குக் கேட்டு வென்றால் இரண்டு வரும், தோற்றால் மூன்று போகும். ஆகவே 160 கேட்பவர் மூன்றுக்கு இரண்டு முறையேனும், 200 கேட்பவர் ஐந்துக்கு மூன்று முறையேனும் வென்றால்தான் கணக்கு நேர்படும். பாதிக்குப் பாதி வெல்கிறோம் என்று மகிழ்ந்திருப்பவர் மெல்ல மெல்லக் கொட்டையை இழந்துகொண்டே இருப்பார். அவர் மாற்ற வேண்டியவர். ஆயினும் மாற்ற மாட்டார், வெற்றி கண்ணை மறைப்பதால். நம் திண்ணையிலும் அத்தகையோர் இருந்தனர். 160-க்குத் துணிந்து கேட்டுப் பாதி ஆட்டம் வென்று, மாலையில் மடி காலியாக எழுந்து செல்வர். 'இன்று சீட்டுச் சரியில்லை' என்பர்.

ஆக, மாற்றுதற்குரிய காலத்தைத் தோல்வி வெற்றிகளின் வரிசை உணர்த்தாது. பின் எது உணர்த்தும்? பெரும்போட்டிகளின் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல சான்று கிடைக்கிறது. பிரிட்ஜ் என்னும் ஆட்டமும் இருவர் கூடி, கேள்வியையே மொழியாகக் கொண்டு ஆடுவது. நம் நாட்டுக்கு அது அயலானதன்று. 2018-இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் இருவர், முறையே 60, 56 வயதில், இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தது அவ்வாட்டத்தில்தான். அவ்விளையாட்டில் 'நீல அணி' எனப் பெயர் பெற்ற இத்தாலியர், 1957 முதல் 1969 வரையில் உலகப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்றனர். 1969-இல் ரியோ டி செனீரோவில் தைவான் அணி அவர்களை இறுதிச் சுற்றில் எதிர்த்தது. பெரிதும் அறியப்படாத அவ்வணி, சீனத்தில் பிறந்த சி.சி.வெய் என்னும் கப்பல் வணிகர் வகுத்த 'பிரிசிஷன்' முறையை ஆடியது. இத்தாலியரே வென்றனர். ஆயினும் எதிரியின் முறை வலியது என்பதை வென்றவர்கள் கண்டுகொண்டனர். அவர்கள் களத்தின் நடுவே முறையை மாற்றவில்லை. உலகப் போட்டியிலிருந்து சில காலம் விலகியிருந்தனர். அவ்விடைவெளியில் பிரிசிஷன் முறையைத் தமக்கேற்பச் செப்பம் செய்து பயின்று, 1972-இல் மயாமி கடற்கரையில் நடந்த உலகப் போட்டியில் அதனையே ஆடி வாகை சூடினர். தோற்றவனிடமிருந்து கற்றுக்கொள்ளும் மனமும், கற்றதைத் துணைவனோடு பயிலும் பொறுமையும் ஒருங்கே அமைவது அரிது. பட்டங்களினும் இதற்காகவே அவர்களை நாம் மதிக்கிறோம்.

பிரிட்ஜ் விதிகளில் நம்மைக் கவர்ந்தது பிறிதொன்று. கூட்டாளிகள் இருவரும் எந்த முறையையும் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் அதனை எதிர்க்கட்சி கேட்டால் மறைக்காமல் விளக்க வேண்டும். இருவர்க்குள் மட்டும் மறைவாக உள்ள குறிப்பு குற்றமாகும். 1965-இல் புவேனசு அயர்சில் நடந்த உலகப் போட்டியில் ரீசு, சபிரோ என்னும் பெயர்பெற்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் இருவர் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் குறிப்புணர்த்தினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது பெரும் பரபரப்பாயிற்று. உலகக் கூட்டமைப்பு குற்றம் என்றது. பின்னர் இங்கிலாந்தில் நடந்த விசாரணை அதனை ஏற்கவில்லை. நம் திண்ணையிலும் காதைத் தொடுவோர், மூக்கைச் சொறிவோர் இல்லாமலில்லை. அது புது முறையன்று, களவு. ஆனால் நாம் செய்தது களவினும் விந்தையானது. களவு செய்வோர் கூட்டாளியிடம் சொல்லி எதிரியிடம் மறைப்பர். நாம் கூட்டாளியிடமும் மறைத்தோம்!

இக்காலத்தில் நால்வரும் ஒரே கட்சியாய் ஆடும் ஆட்டங்களும் வந்துவிட்டன. நம் மாணவர் ஒருவர் காட்டிய 'அனாபி' என்னும் ஆட்டம் அத்தகையது. பிரான்சு நாட்டு அந்துவான் பௌசா வடித்தது. 2013-இல் செருமனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்னும் விருது பெற்றது. அதில் ஒவ்வொருவரும் தம் சீட்டைத் தாம் காணாது, பிறர் காணும்படி வெளிமுகமாகப் பிடிக்க வேண்டும். பிறர் தரும் சிறு குறிப்பைக் கொண்டே தம் கையை அறிதல் வேண்டும். அக்குறிப்புக்கும் எண்ணிக்கை உண்டு. எதிரியே இல்லை, ஆகையால் தோற்றால் பழி சொல்ல ஆளும் இல்லை. 2019-இல் கணினி அறிஞர்கள் இவ்வாட்டத்தைச் செயற்கை அறிவுக்கு ஒரு தேர்வாக வைத்தனர். தன் படியோடு தானே பல்லாயிரம் முறை ஆடிப் பழகிய கணினி மிக நன்றாக ஆடிற்று. ஆனால் தனித்தனியே பழகிய இரு கணினிகளைக் கூட்டாளிகளாக அமர்த்தியபோது ஆட்டம் சீர்குலைந்தது. ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு மொழியைப் படைத்துக்கொண்டிருந்தது. மற்றதற்கு அது விளங்கவில்லை. விடுதி அறையில் நன்றாகப் பலித்த உத்தி மாகறல் திண்ணையில் கவிழ்ந்தது ஏன் என்பதற்கு, இருபதாண்டு கழித்து நமக்கு விளக்கம் தந்தவை அக்கணினிகளே. அங்கே நாம் கெட்டிக்காரர். இங்கே பிறமொழி பேசுபவர். உத்தி மாறவில்லை, துணை மாறியது.

எனவே 'இப்புதிய முறை நல்லதா?' என்று மட்டும் கேட்பது குறையுடைய வினா. 'இத்துணையோடு இது நல்லதா, இவர் இதனை அறிவாரா?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அறியாராயின், சீட்டு நன்றாக வந்தாலும் அது மாற்றுதற்குரிய காலமன்று. சீட்டுப் போடுமுன் சொல்லி, அவர் 'சரி' என்றபின், ஒரே ஒரு மாற்றத்தை மட்டும், அதுவும் தோல்வி தாங்கக்கூடிய ஒரு நாளில் ஆடிப் பார்ப்பதே முறை என்பது நம் துணிபு. இரண்டு மூன்று மாற்றங்களை ஒருங்கே புகுத்தினால் எது பலித்தது, எது கெடுத்தது என்பது விளங்காது. 'அப்படியாயின் எதிரியை வியப்பில் ஆழ்த்தும் இன்பம் போய்விடுமே' என்று இளைஞர் கேட்பர். போகட்டும். எதிரியின் வியப்புக்காகத் துணைவனைப் பலியிடும் ஆட்டக்காரரோடு இரண்டாம் முறை அமர எவரும் வாரார்.

பழையதை விடவே கூடாது என்பாரும் உளர். அவர்க்கு மாகறல் தறியே மறுமொழி கூறும். சேலையின் உருவை ஜக்கார்டு அட்டை தீர்மானிக்கிறது. துளையிட்ட அவ்வட்டைகளைக் கோத்து மேலே ஏற்றினால் துளைக்கேற்ப இழை எழும்பும். அட்டையை மாற்றாமல் எந்த நெசவாளரும் காலம் தள்ளியதில்லை. மாங்காயும் அன்னமும் மாறி மாறி வந்தே உள்ளன. ஆயினும் பாதிச் சேலையில் எவரும் அட்டையை மாற்றுவதில்லை. ஒரு சேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் மாற்றம். கோர்வைத் தறியாயின் இன்னும் கண்டிப்பு. கரையின் நிறமும் உடலின் நிறமும் வேறாகையால் நெய்பவர் ஒருவரும், மறுபுறம் நாடா எறியும் துணை ஒருவரும் வேண்டும். துணைக்குச் சொல்லாமல் நெய்பவர் கணக்கை மாற்றினால் கரை கோணிவிடும். கோணிய சேலை கூலியைக் குறைக்கும். புளியங்கொட்டைக்கும் கூலிக்கும் உள்ள வேற்றுமையைப் பெரியவர் நன்கறிவார். ஆயினும் இரண்டு இடத்திலும் அவர் எதிர்பார்த்தது ஒன்றே.

(பருவத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் வினாத்தாளின் அமைப்பை மாற்றி அறிவிக்கும் வழக்கத்தைப் பற்றியும் இவ்விடத்தில் எழுதலாம். அதனை வேறொரு மலருக்கு வைத்துக்கொள்வோம்.)

திண்ணைக்கு மீள்வோம். நான்கு அமாவாசைகள் அவ்வாறே கழிந்தன. நாம் கேட்போம், பெரியவர் ஏற மாட்டார், தோற்போம். ஐந்தாம் அமாவாசையில், சீட்டைக் கலைக்கும்போதே, எதிர்க்கட்சியார் இருவரும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"தம்பி, அந்தக் காலேஜ் கேள்வியை இன்னைக்கு ஆடிப் பாக்கலாம். நீ எப்ப அப்படிக் கேப்ப, எப்பக் கேக்க மாட்டேன்னு முதல்ல சொல்லு."

நாம் சொன்னோம். முதலில் கேட்க நேர்ந்தால் அவ்வாறு கேட்போம். எதிர்க்கட்சியார் கேட்டபின் கேட்க நேர்ந்தால் 180 என்பது பழைய 180-ஏ என்றோம். எதிரே அமர்ந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஆடினால் ஏமாறுவோமா என்றார்கள். ஆனால் அறிந்திருந்தும் அவர்கள் தடுமாறினர். முதற்கேள்வியில் ஜாக்கி உண்டா இல்லையா என்பது அவர்களுக்கும் தெரியாது, பெரியவருக்கும் தெரியாது; தெரியாது என்பது மட்டும் பெரியவருக்குத் தெரியும். ஆதலால் அத்தகைய கேள்விக்குமேல் அவர் தம் கையை மட்டும் நம்பியே ஏறினார்.

அன்று எட்டு ஆட்டம் ஆடினோம். மூன்றில் வென்றோம், ஐந்தில் தோற்றோம். விளக்கேற்றும் நேரமாயிற்று. அத்தா மிதிவண்டியோடு தெருமுனையில் நின்று மணியடித்தார். பெரியவர் எஞ்சிய புளியங்கொட்டையை எண்ணித் துணியில் முடிந்துகொண்டே, "அடுத்த அமாவாசைக்கும் இதையே ஆடுவோம், தம்பி" என்றார்.